‘அது உன்னை அணுகாது’: ஆபத்தில் கடவுளை நம்புவது எப்படி?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே ஒரு வசனம் ஒட்டியிருப்பதைக் காணலாம். ஓட்டோவின் முன்கண்ணாடியிலும் வள்ளத்தின் அணியத்திலும்கூடச் சிலர் எழுதி வைத்திருப்பார்கள். ‘அது உன்னை அணுகாது’, ‘பொல்லாப்பு உனக்கு நேரிடாது’. இரண்டும் 91ஆம் சங்கீதத்தில் வருபவை. விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவருக்கு இதை வாசித்ததும் ஒரு கேள்வி வரும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார். அப்படியென்றால் 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிறு காலை, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனதே, அவர்களுக்குள் விசுவாசிகள் இல்லையா? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததே, அங்கே இருந்தவர்கள் செபிக்காமலா வந்தார்கள்?

கேட்க வேண்டிய கேள்விதான். இதைக் கேட்காமல் தாண்டிப் போகிற விசுவாசம் முதல் வெள்ளத்திலேயே அள்ளுண்டு போகும். பதில் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஸ்டிக்கரில் ஒட்டுகிற அளவுக்குச் சின்னதாக இல்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கிறிஸ்தவர்கள் ‘பாதுகாப்பு’ என்று பொதுவாகச் சொல்வதைத் தமிழ் வேதாகமம் பெரும்பாலும் ‘அடைக்கலம்’ என்றுதான் சொல்கிறது. காப்பு வேறு, அடைக்கலம் வேறு. காப்பு கையில் கட்டுகிற பொருள். கட்டியவரோடு கூடவே போகும். அடைக்கலம் என்பது ஓர் ஆளிடம் போய்ச் சேர்வது. கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்த இந்த மண்ணுக்கு அதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாதரி என்ற இடைச்சியிடம் கண்ணகியைக் கவுந்தியடிகள் ஒப்படைத்தார். பிறகு நடந்ததைக் கேட்ட மாதரி, அடைக்கலம் இழந்தேனே என்று தீயில் இறங்கினாள். அடைக்கலம் கொடுத்தவரின் தலையில் அவ்வளவு பாரம் ஏறும். கடவுளை அடைக்கலம் என்று சொல்லும்போது ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பதற்கு முன்னால் ‘என்னை ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார்’ என்பதையே சொல்கிறோம்.

91ஆம் சங்கீதத்தைக் காப்பாக்கிவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கிற பிழை. மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் பகிடி பண்ணுவார்கள் அல்லவா, அந்த மந்திர நினைப்பு ஞானஸ்நானம் எடுத்தவுடன் நம்மை விட்டுப் போய்விடுவதில்லை. தாளில் எழுதித் தலையணைக்குக் கீழே வைப்பது, இத்தனை தடவை சொன்னால்தான் பலிக்கும் என்று எண்ணிக்கை போடுவது, ஒரு நாள் வாசிக்க மறந்ததும் இன்று ஏதோ நடக்கப்போகிறது என்று நடுங்குவது. இந்த மூன்றில் ஒன்று உங்களிடம் இருந்தால் நீங்கள் வசனத்தை நம்புகிறீர்கள், வசனத்தில் பேசுகிறவரை அல்ல. வசனத்தை ஒட்டுவதில் தவறில்லை. கண்ணில் பட்டால் ஞாபகம் வரும், அவ்வளவுதான் அதன் வேலை.

சங்கீதத்தை எப்படி வாசிப்பது

மொத்தம் 16 வசனங்கள். கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்பில் இதற்குத் திருப்பாடல் 91 என்று பெயர். பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் 90 என்று இருந்தாலும் குழம்ப வேண்டாம், எண்ணிடும் முறைதான் வேறு. உள்ளே மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதல் இரண்டு வசனங்கள் ஒருவர் தன் நம்பிக்கையை அறிக்கையிடுவது. 3 முதல் 13 வரை அவரைப் பார்த்து ‘நீ, உன்னை, உனக்கு’ என்று இன்னொருவர் சொல்கிற ஆறுதல். கடைசி மூன்று வசனங்களில் கடவுளே பேசுகிறார்.

புதியவர்களுக்கு ஒரு வழி: கடைசிப் பகுதியை முதலில் வாசியுங்கள். 15ஆம் வசனத்தில் ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து’ என்று இருக்கிறது. ஆபத்தே வராது என்றால் ஆபத்தில் கூட இருப்பதாகச் சொல்ல வேண்டிய தேவை என்ன? இந்த வரியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே போனால், ‘அணுகாது’ என்பதைத் தனியாகப் பிய்த்து எடுக்க முடியாது. சங்கீதத்தின் உலகம் ஆபத்தால் நிறைந்திருக்கிறது. இரவின் பயங்கரம், பகலில் பறக்கும் அம்பு, இருளில் நடமாடும் கொள்ளைநோய், மத்தியானத்தின் சங்காரம் என்று நாளின் எந்த நேரத்தையும் விட்டுவைக்கவில்லை.

4ஆம் வசனத்தில் சிறகு வருகிறது. ‘அவர் செட்டைகளின்கீழே அடைக்கலம் புகுவாய்.’ இதற்கு வியாக்கியானம் தேடவேண்டியதில்லை, மழை நாளில் அடைகாத்து முடித்த ஒரு நாட்டுக்கோழியைப் பார்த்தால் போதும். தூறல் விழுந்ததும் கொக்கரிப்பு மாறும். குஞ்சுகள் நாலா பக்கத்திலிருந்தும் ஓடிவரும். கோழி கொஞ்சம் குந்தி, இரண்டு சிறகையும் உடம்பிலிருந்து அகற்றிப் பிடிக்கும். கடைசிக் குஞ்சு நெஞ்சுப் பக்கத்தால் நுழைய இடம் இல்லாமல் வால் பக்கத்தால் முட்டும். பிறகு வெளியே ஒன்றுமே தெரியாது, சிறகுக்கு அடியில் சில கால்கள் மட்டும். மழை நிற்கவில்லை. கோழியின் முதுகு முழுக்க நனைகிறது. எருசலேமைப் பார்த்து இயேசு கோழியும் குஞ்சுகளும் என்ற அதே உவமையைச் சொன்னார் (மத்தேயு 23:37). சொன்ன சில நாட்களில் சிலுவைக்குப் போனார். நனைந்தது யார் என்று கிறிஸ்தவர்கள் கேட்டால் கை காட்டுவது அங்கேதான்.

சாத்தானுக்கும் இது பாடம்

வேதத்தில் 91ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்காட்டி ஒருவரை இணங்கவைக்கப் பார்த்தவன் சாத்தான். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்றான் (மத்தேயு 4:5-7). அவன் விட்டுவிட்ட துண்டைக் கவனிக்க வேண்டும். சங்கீதத்தில் ‘உன் வழிகளிலெல்லாம்’ காப்பதாக இருக்கிறது. அந்தச் சொல் அவன் வாயில் வரவில்லை. வழியில் நடக்கிறவனுக்குச் சொன்னதை, வழியே இல்லாத இடத்தில் குதிக்கிறவனுக்கு மாற்றிப்போட்டான். இயேசுவின் மறுமொழி உபாகமம் 6:16இலிருந்து: உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக.

நம்புவதற்கும் பரீட்சை பார்ப்பதற்கும் இடையிலுள்ள கோடு சில சமயம் மெல்லியது. வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்த பிறகு ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று வள்ளத்தைத் தள்ளுவது பரீட்சை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் யானை நடமாடுகிற நேரம் தெரிந்தும், செபக்கூட்டம் முடிந்து தனியாகச் சைக்கிளில் வயல் ஒழுங்கையால் போவதும் அதுதான். பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் கைவைத்துச் செபித்துக்கொண்டே இருப்பது இன்னும் மோசம், ஏனென்றால் பரீட்சை நம்முடையது, உயிர் மற்றவருடையது. வாகனத்தில் ஏற்றுங்கள், போகிற வழியில் செபியுங்கள்.

அதே இருட்டில், அதே ஒழுங்கையால், பிரசவ வலி கண்டவளைக் கூட்டிப்போக ஒருவர் புறப்பட்டால் அது பரீட்சை இல்லை. அங்கே அவர் நடப்பது ‘உன் வழி’. முடிவெடுக்கும்போது கேட்டுப் பார்க்கலாம்: இந்த ஆபத்துக்குள் என்னைக் கொண்டுவந்தது கடமையா, வீம்பா? பத்திரமான வழி ஒன்று இருந்தும் விசுவாசத்தைக் காட்டுவதற்காக அதை வேண்டாம் என்கிறேனா?

பவுலின் கப்பல்

இந்த விஷயத்துக்கு ஒரே ஓர் அதிகாரம் வாசிக்க நேரம் இருந்தால் அப்போஸ்தலர் 27ஐ வாசியுங்கள். கடற்கரை ஊர்க்காரருக்கு அது உரை இல்லாமலே விளங்கும்.

பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகிறார்கள். காலம் பிந்திவிட்டது, இனிப் போனால் சேதம் என்று அவர் முன்கூட்டியே சொல்கிறார். நூற்றுக்கு அதிபதி, கைதியின் பேச்சைவிட மாலுமியின் பேச்சையும் கப்பல் எசமானின் பேச்சையும் அதிகம் நம்புகிறான். புயல் பிடிக்கிறது. பல நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அப்போது ஒரு தூதன் பவுலிடம் வந்து, உன்னோடு யாத்திரை பண்ணுகிற எல்லாரையும் தேவன் உனக்குத் தந்தார் என்கிறான். பவுல் மற்றவர்களிடம் அதைச் சொல்லும்போது கவனமாகச் சொல்கிறார்: கப்பல் போகும், உயிர் போகாது. வாக்குறுதியில் கப்பல் சேர்த்தி இல்லை.

இதற்குப் பிறகு வருவதுதான் நம் பாடம். கடவுள் சொல்லிவிட்டார் என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பதினாலாம் இராத்திரி கரை கிட்டுவதாக மாலுமிகளுக்குத் தோன்றுகிறது. விழுதுவிட்டு ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம். கொஞ்சம் போய் மறுபடி பார்க்கிறார்கள்: பதினைந்து பாகம். பாறையில் மோதுவோம் என்று பயந்து பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போடுகிறார்கள். இந்த இடத்தில், முன்பக்கத்தில் நங்கூரம் போடப்போகிற சாட்டில் மாலுமிகள் சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் சேவகரைப் பார்த்து, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்கிறார் (27:31).

நின்று யோசிக்க வேண்டிய வரி இது. ஒருவரும் சாகமாட்டார்கள் என்று சொன்ன அதே வாய், கப்பலோட்டத் தெரிந்தவன் இல்லாவிட்டால் சாவீர்கள் என்கிறது. பவுலுக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. கடவுள் காப்பாற்றுவதாகச் சொன்னது அந்த மாலுமிகளின் கையாலும், அந்த நங்கூரக் கயிற்றாலும்தான். சேவகர் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். விடியற்காலம் பவுல் அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டுச் சாப்பிட்டு, மற்றவர்களையும் சாப்பிடச் சொல்கிறார். வெறும் வயிற்றோடு நீந்த முடியாது அல்லவா. பிறகு மிச்சக் கோதுமையைக் கடலில் கொட்டிக் கப்பலின் பாரத்தைக் குறைக்கிறார்கள். கடைசியில் கப்பல் தரை தட்டிப் பின்னணியம் உடைகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்துகிறார்கள். மற்றவர்கள் பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். 276 பேரும் கரை சேர்ந்தார்கள். யாரையும் தூதன் தூக்கிவந்து மணலில் வைக்கவில்லை.

நெகேமியாவில் இதே கணக்கு ஒரே வசனத்தில் இருக்கிறது (4:9): தேவனை நோக்கி ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் ஜாமக்காரரை வைத்தோம். வட்டையில் பரண் கட்டி யானைக்குக் காவல் இருக்கிறவர் இரவுச் செபத்தையும் அந்தப் பரணில் இருந்தபடியே சொல்வது போலத்தான் இது. செபித்துவிட்டேன் என்று டோர்ச்சை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை. இயேசு குழந்தையாக இருந்தபோது யோசேப்புக்கு வந்த கட்டளையும் ‘எகிப்துக்கு ஓடிப்போ’ என்பதே. ஓடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் மத்தேயு 2ஐக் காட்டுங்கள்.

தப்பாதவர்களின் பங்கு

இனிக் கடினமான பக்கம். அப்போஸ்தலர் 12இல் ஏரோது யாக்கோபை வாளால் கொல்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். இரண்டு பேரும் இயேசுவின் சீடர், இரண்டு பேருக்காகவும் அழுதவர்கள் ஒரே சபையார். ஏன் ஒருவர் மட்டும் என்று இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு சொல்கூட எழுதவில்லை. எழுதாததை நாமும் இட்டு நிரப்பக் கூடாது. எபிரெயர் 11ஆம் அதிகாரமும் இப்படித்தான்: சிங்கங்களின் வாயை அடைத்தவர்களைச் சொல்லி முடிப்பதற்குள் வாளால் அறுப்புண்டவர்களைச் சொல்கிறது. இரு பட்டியலுக்கும் தலைப்பு ஒன்றே, விசுவாசம்.

மட்டக்களப்புத் திருச்சபையின் கதையும் இதில் சேரும். 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், கடற்பயணத்திலேயே மனைவியை இழந்தவர். அந்தப் பயணத்தின் தலைவர் தோமஸ் கோக்கும் நடுக்கடலில் காலமானார். ஓல்ட் இங்கே ஓராண்டுகூட முடிக்காமல் 1815 ஏப்ரலில் மரித்தார். புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைக் குரு யூஜின் ஹெர்பட், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், வந்து சேரவில்லை. செபம் குறைந்ததால் இவர்களுக்கு இப்படி நடந்தது என்று சொல்லத் துணிகிறவர் யார்?

ஆனால் செத்த வீடுகளில் அதைச் சொல்கிறார்கள். நேராக இல்லை, சுற்றிவளைத்து. ‘ஏதோ குறை இருந்திருக்கும்’, ‘எங்களை ஆண்டவர் காப்பாற்றினார், நாங்கள் அன்று உபவாசம்.’ இரண்டாவது வாக்கியம் சாட்சி போலக் கேட்கும்; பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து இருக்கிறவளுக்கு அது கத்தி. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டு, அப்படியல்லவென்று தானே பதில் சொன்னார் (லூக்கா 13:4-5). செத்த வீட்டில் காரணம் சொல்லாதீர்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள், கதிரை அடுக்குங்கள், பக்கத்தில் இருங்கள். தப்பியதற்கு நன்றி சொல்ல வேண்டும்தான்; அதை உங்கள் வீட்டுக்குள் சொல்லுங்கள்.

அடைக்கலான் குருவி வசனத்தையும் இங்கே சேர்த்து வாசிக்கலாம். ஒரு காசுக்கு இரண்டு விற்கிற குருவி, ‘உங்கள் பிதாவின் சித்தமில்லாமல்’ தரையில் விழாது என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது (மத்தேயு 10:29). கிரேக்க மூலத்தில் ‘சித்தம்’ என்ற சொல் இல்லை, ‘உங்கள் பிதா இல்லாமல்’ என்று மட்டுமே உண்டு. குருவி விழவே விழாது என்று வசனம் சொல்லவில்லை. விழுகிற இடத்திலும் பிதா இல்லாமல் இல்லை என்கிறது. வீட்டுக் கூரைக்குள் அடைக்கலம் புகுவதால் தமிழில் அதற்கு அந்தப் பெயர் அமைந்தது என்பது தற்செயலான அழகு.

தானியேல் 3இல் மூன்று இளைஞர் சூளைக்கு முன்னால் நின்று அரசனிடம் சொன்னதே இந்த விசுவாசத்தின் முழு வடிவம். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர். ‘விடுவிக்காமற்போனாலும்’ உம்முடைய சிலையை வணங்கோம். முதல் வாக்கியம் மட்டும் இருந்தால் அது பேரம். இரண்டாவது மட்டும் இருந்தால் விரக்தி. அவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

பயம் பிடிக்கிற நேரத்தில்

பயப்படுவது பாவம் அல்ல. 56ஆம் சங்கீதம் ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்’ என்கிறது. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளுக்குள். ஆகவே பயம் போனபிறகு செபிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

எப்படிச் செபிப்பது என்று தெரியாவிட்டால் 13ஆம் சங்கீதத்தை அச்சாக வைத்துக்கொள்ளலாம், ஆறே வசனம். முதல் இரண்டில் முறைப்பாடு: ‘எதுவரைக்கும்’ என்று நாலு தடவை கேட்கிறார். கடவுளிடம் இப்படிக் கேட்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு அந்த நாலும் அனுமதிச் சீட்டு. அடுத்த இரண்டில் விண்ணப்பம், என்ன வேண்டும் என்று வெளிப்படையாக. கடைசி இரண்டில் நம்பிக்கை. முறைப்பாட்டைத் தாண்டிக் குதித்து நேராக ஸ்தோத்திரத்துக்குப் போவதுதான் பலர் விடுகிற பிழை. மனம் அங்கே வராது, வாய் மட்டும் போகும். ஐந்தாம் வசனத்துக்கு இன்று வர முடியாவிட்டால் நாலாம் வசனத்தில் நிறுத்துங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

காற்று கூரைத் தகரத்தைத் தூக்குகிற நேரத்தில் 16 வசனம் ஞாபகம் வராது. ஒரு வரி போதும். படுக்கப் போகும்போது சங்கீதம் 4:8, ‘சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன்’. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது எளிது. இயேசுவும் புயலில் படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினார் என்று சேர்த்துச் சொல்லலாம்.

மற்ற வேலைகளை மாரிக்கு முன்னாலேயே செய்ய வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, ஒரு கிழமைக்கான மருந்து எல்லாம் தடித்த பொலித்தீன் பையில், கைக்கெட்டும் இடத்தில். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் பார்க்கப் போகாமல் உள்நாட்டுப் பக்கம் ஓடவேண்டும்; நிலம் பலமாக, நெடுநேரம் குலுங்கினாலும் அப்படியே, அறிவிப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நாவலடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள இடங்களில் எந்த வழியால் வெளியேறுவது என்று முன்கூட்டி நடந்து பார்த்திருக்க வேண்டும். சபையில் செபக்குழு இருந்தால், அவர்கள் கையில் செபக்குறிப்போடு இன்னொரு தாளும் இருக்கட்டும்: தனியாக இருக்கும் முதியவர்கள் யார், நடக்க முடியாதவர்கள் யார், அவர்களை யார் தூக்கிப்போவது. இது நெகேமியாவின் ஜாமக்காரர் பட்டியல்.

பொலித்தீன் பையில் இடம் இருந்தால் வேதாகமத்தையும் வையுங்கள். இடம் இல்லாவிட்டால் 46ஆம் சங்கீதத்தின் முதல் மூன்று வசனத்தை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஜலங்கள் கொந்தளித்துப் பொங்குவது பற்றி வருகிற பகுதி அது. 2004ஐக் கண்டவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லக் கடினமாக இருக்கலாம். அவர்களுக்காக மற்றவர்கள் சொல்லட்டும்.